உப்புப் புகாத டம்ளர்

அந்தப் பட்டறையில் யாரும் டீயை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போவதில்லை. ஃபோன் பேச வாசலுக்குப் போனாலும் சரி, முதலாளியம்மா கூப்பிட்டாலும் சரி, டம்ளர் கையோடு போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மறுநாள் அவர்களும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒரே பதில்தான்: சித்தப்பா.

உண்மையில் அவர் அங்கே வேலை செய்யும் அளவுக்காரிக்கும் அவள் தங்கைக்கும்தான் சித்தப்பா. அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. ஆனால் பட்டறையில் அவரைவிட மூத்த முதலாளியம்மாவுக்குக்கூட அவர் சித்தப்பாதான். பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சில் அடித்து, டம்ளராக வெளியே தள்ளும் பெரிய மெஷின் அவர் பொறுப்பு. அச்சு மூடி, உள்ளே இருப்பது ஆறி, மறுபடி திறக்கிறவரை அவர் சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்கிற நேரம்தான் வினை. அவர் சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, காகிதத்தில் மடித்த உப்பு இருக்கும். ஆள் இல்லாத டம்ளர் கண்ணில் பட்டால் விரல்கள் தாமாக அந்தப் பக்கம் போய்விடும். பிறகு ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி மெஷின் மறைவில் நின்று, குடிப்பவர் முகம் கோணுவதற்காகக் காத்திருப்பார்.

அதிலும் ஒரு நெறி வைத்திருந்தார். உப்பு மட்டும்தான். "மிளகாய்ப்பொடி, சோப்புத்தூள்னு போடுறவன் ரவுடி. நான் கலைஞன்" என்பார். கலைஞனின் சொந்த டீ மட்டும் மெஷின் பக்கத்து ஸ்டூலில் மூடியில்லாமல், ஆளில்லாமல், நிம்மதியாக ஆறிக்கொண்டிருக்கும். உப்புப் போடுகிறவரே அவர்தான். அவருக்கு யார் போடப்போகிறார்கள்?

அளவுக்காரிக்கு அந்தப் பெயர் வந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. பட்டறையில் புது டம்ளர், மூடி, டப்பா எதுவானாலும் வரைந்து அளவு சொல்வது அவள் வேலை. கழுத்தில் மற்றவர்கள் சங்கிலி போட்டுக்கொள்வதுபோல் அவள் மயிரிழையையும் அளக்கிற வெர்னியர் கருவியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால்கூட முதலில் பிஸ்கட்டை அளந்துவிட்டுத்தான் கடிப்பாள் என்று சித்தப்பா கிளப்பிவிட்ட புரளியில் பாதி உண்மையும் இருந்தது.

தங்கையை எல்லோரும் சின்னவள் என்றார்கள். அவள் பேக்கிங் அறையில் இருந்தாள். அந்தப் பட்டறையின் டம்ளர்கள் குழாய் மாதிரி நேராக வரும். அடி தனியாக வரும். ஒரே துண்டாக அடிக்கிற பழைய அச்சு விரிசல் விட்டதிலிருந்து அப்படித்தான். அடியைக் குழாயில் முடுக்கி, துடைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்குவது சின்னவளின் வேலை. வேலையில் கெட்டிக்காரி. ஆனால் அவள் அந்த வேலைக்கு வந்த காரணம் வேறு.

முன்பு அவள் ஓர் அலுவலகத்தில் இருந்தாள். கூட வேலை செய்த ஒருவருக்கு வழியனுப்பு விருந்து. பழரசத்தை மேசையில் வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று நான்கு எட்டு தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்து, மிச்சத்தைக் குடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரி விட்டம்தான். தள்ளாடுவதைப் பார்த்து ஒரு தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்ததால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. யார் கலந்தது என்பது தெரியவே இல்லை. அன்றிலிருந்து அவள் குடிக்கிற எதையும் கீழே வைப்பதில்லை. வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் வைத்துக்கொண்டே கதவு திறப்பாள், தலை வாருவாள். வெளியிடங்களில் ஜனங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்தப் பட்டறையில் மட்டும் யாரும் பார்ப்பதில்லை. இங்கேதான் எல்லோருமே டம்ளரும் கையுமாகத் திரிகிறார்களே.

அந்த ஒருத்திக்கு மட்டும் சித்தப்பா உப்புப் போட்டதில்லை. முன்பெல்லாம் வீட்டில் அவளுக்குத்தான் அதிகம் விழும். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்த நாளோடு அதை நிறுத்திவிட்டார். அவள் பக்கம் போகும்போது சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொள்வார்.

அளவுக்காரி வரைபலகையில் மூடி ஒன்று வரைய ஆரம்பித்தது இப்படித்தான். தடுத்து நிறுத்துகிற மூடி இல்லை. பூட்டு போட்டால் பூட்டை உடைக்க ஒருவன் வருவான். ஆள் இல்லாத நேரத்தில் எவனாவது திறந்திருந்தால், திரும்பி வந்தவளுக்கு அதைச் சொல்லிவிடுகிற மூடி.

"யாருக்குக்கா இது?" என்று சின்னவள் கேட்டாள், டம்ளரைக் கையில் பிடித்தபடி.

"ஊருக்கு."

"ஊருக்கா? சரி, ஊரைப் பார்த்தா நான் விசாரிச்சேன்னு சொல்லு."

முதலாளியம்மா படத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். ஜனங்கள் டம்ளரை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போகிற பாட்டுக் கூடங்கள் நிறைய நடத்துகிற ஓர் அம்மா இந்த மாதிரி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அவர் பட்டறைக்கு வரப்போவதாகச் சொல்லியிருந்தார்.

"அச்சு வெட்டுறது விளையாட்டு இல்ல" என்றார் முதலாளியம்மா. "அந்தம்மா வர்றதுக்குள்ள ஒண்ணு செய். சித்தப்பா கிட்ட கொடு. அவரால ஏமாத்த முடியலைன்னா வெட்டுவோம். ஏமாத்திட்டார்னா, அதே மெஷின்ல சோப்பு டப்பா அடிக்கப் போறோம். என்ன சொல்றே?"

"எங்க சித்தப்பாவா? அவரு வீட்ல பால் கவரையே விட்டு வைக்க மாட்டார்."

"அதனாலதான் சொல்றேன்."

மெஷின் பக்கத்திலிருந்து சித்தப்பா, யாரோ தனக்குப் பட்டம் கொடுத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தினார்.

முதல் மூடி காகித ஒட்டு. திறந்தால் கிழியும். சித்தப்பா டீக் கெட்டிலின் ஆவியில் காட்டி, உரித்து, உப்பைப் போட்டு, ஊதி ஆறவைத்து ஒட்டிவிட்டார். அளவுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கழுவுதொட்டிக்கு ஓடினாள்.

"காகிதத்தை நம்பினியேடி பெரியவளே. நான் ஸ்கூல்ல மார்க்கு ஷீட்டையே இப்படித்தான் பிரிச்சேன்."

இரண்டாவதற்கு, பட்டறையில் டப்பாக்களுக்கு அடிக்கிற பிளாஸ்டிக் வளையத்தை வைத்தாள். திருகினால் வளையம் படக்கென்று உடையும். உடைந்ததை ஒட்டவைக்க முடியாது. அன்று மாலை வளையம் முழுசாக இருந்தது. அளவுக்காரி வெர்னியரை வைத்துச் சுற்றிலும் அளந்து பார்த்தாள். கீறல்கூட இல்லை. குடித்தாள். கடல்.

"எப்படி சித்தப்பா?"

அவர் மெஷினுக்குக் கீழே இருந்த பெட்டியைக் காலால் இழுத்துக் காட்டினார். பெட்டி நிறைய வளையங்கள். "உடைச்சேன். புதுசு ஒண்ணு மாட்டினேன். அதை அடிக்கிறதே என் மெஷின்தானே, கண்ணு?"

அளவுக்காரி அன்று வீடு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு போனாள். செய்கிறவனே இன்னொன்று செய்துவிடலாம் என்றால், செய்கிறவனாலும் மறுபடி செய்ய முடியாத ஒன்று வேண்டும். அது என்ன? மறுநாள் காலை பட்டறைக்குள் நுழையும்போது, தரையில் சிந்திக் கிடந்த பிளாஸ்டிக் மணிகள்மேல் கால் வழுக்கி, விழப்போய், மேசையைப் பிடித்துக்கொண்டாள். மெஷினில் உருக்குவதற்காக மூட்டை மூட்டையாக வருகிற கடுகளவு மணிகள். சிவப்பு, மஞ்சள், நீலம். அவள் கால் பட்டதும் அவை ஓடி வேறு மாதிரி நின்றன. திரும்பவும் காலால் தள்ளினாள். இன்னும் வேறு மாதிரி. பெருக்க வந்த அம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று, "நல்லாத்தானேம்மா இருந்தே" என்றார்.

மூன்றாவது மூடி அங்கே பிறந்தது. இரண்டு கண்ணாடி போன்ற தட்டுகள். நடுவில் ஒரு கை மணிகள். மூடியை இறுக்கினால் தட்டுகள் நெருங்கி மணிகளை அப்படியே கவ்விக்கொள்ளும். தலைகீழாக ஆட்டினாலும் அசையாது. ஒரு சொட்டும் ஒழுகாது. கொஞ்சம் தளர்த்தினாலும் தட்டுகள் விலகும், மணிகள் கலைந்து ஓடும். மறுபடி இறுக்கினால் வேறு கோலத்தில் நிற்கும். டம்ளரை வைத்துவிட்டுப் போகிறவர் இறுக்கிவிட்டு ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்ததும் படத்தையும் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு சூத்திரம் இல்லை.

சித்தப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த இளிப்பு மெல்ல உள்ளே போயிற்று. திறந்தார். மூடினார். ஊசியால் மணிகளைத் தள்ள வழி தேடினார். காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்.

"அது பிளாஸ்டிக் சித்தப்பா."

"தெரியும்டி. சும்மா பார்த்தேன்."

ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அளவுக்காரி டம்ளரை வைத்துவிட்டுப் போவாள், வருவாள், பார்ப்பாள், குடிப்பாள். தித்திப்பாக இருக்கும். பேக்கிங் அறைக் கதவருகே நின்று சின்னவளும் இதை நாள்தோறும் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வாள், அவ்வளவுதான்.

பாட்டுக் கூடத்து அம்மா வருவதற்கு முந்தின நாள், மதிய டீ நேரம். சின்னவள் வந்து கையை நீட்டினாள்.

"ஒண்ணு கொடுக்கா."

அளவுக்காரி கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கை மடங்கிவிடும் என்று பயம். மூடியோடு ஒரு டம்ளரைக் கொடுத்தாள். சின்னவள் டீயை ஊற்றினாள், இறுக்கினாள், படம் எடுத்தாள். டம்ளரை மேசையில் வைத்தாள். விரல்கள் மட்டும் அதன்மேல் இருந்து எழுந்து வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு பேக்கிங் அறைக்குப் போய்விட்டாள். அளவுக்காரியும் முதலாளியம்மா அறைக்குப் போனாள். பக்கத்தில் நின்று காவல் காத்தால் மூடிக்கு என்ன மரியாதை?

சித்தப்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் பின்வாசலில் மணி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வந்தபோது மேசைமேல் ஒற்றை டம்ளர். மேசைமேல் இருக்கிற டம்ளர் எதுவும் சின்னவளுடையதாக இருக்க முடியாது; அது உலகம் அறிந்த விஷயம். அப்படியானால் அது பெரியவளுடையது. அன்று காலைதான் அவருக்கு அந்த யோசனை வந்திருந்தது, அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் திரும்பி வந்தாள். அளவுக்காரியும் அறை வாசலுக்கு வந்துவிட்டாள். ஃபோனை மூடியருகே வைத்துப் பார்த்தாள் சின்னவள். சிவப்புக்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள், ஓரத்தில் தனித்து ஒரு நீலம். அச்சு அசல். அவள் அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அளவுக்காரி பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

மெஷின் மறைவிலிருந்து எட்டிப் பார்த்த சித்தப்பாவுக்கு அப்போதுதான் யார் கையில் டம்ளர் இருக்கிறது என்று தெரிந்தது. "வேணாம்மா, வேணாம், வச்சிடு" என்று ஓடி வந்தார். அதற்குள் அவள் மூடியைத் திறந்து குடித்துவிட்டாள்.

அவள் முகம் வெளுத்தது. வாயில் இருந்ததை அப்படியே தரையில் துப்பிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, விறுவிறுவென்று கழுவுதொட்டிப் பக்கம் போய்விட்டாள். மெஷின் மட்டும் மூச்சு விட்டு மூடித் திறந்துகொண்டிருந்தது.

"சத்தியமா உன்னோடதுன்னு நினைச்சேன்" என்றார் சித்தப்பா. "அவ கீழ வைக்கவே மாட்டாளே. யாராவது சொல்லியிருக்கலாம்ல."

அளவுக்காரி அவரருகே வந்தாள். "எப்படித் திறந்தீங்க? மணி ஒண்ணுகூட நகரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்த டம்ளரை எடுத்தார். மூடியை மறுபடி இறுக்கி, அது கீழே இருக்கும்படி கவிழ்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவ்வளவு நல்ல மூடி. அடியைப் பிடித்துத் திருகினார். அது சுலபமாகக் கழன்று வந்தது. டீ உள்ளே அமைதியாக நின்றது.

அளவுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். மேலே இருந்து திறப்பவனுக்காக ராப்பகலாக அளந்து அளந்து மூடி செய்தவள், பட்டறையில் தினமும் ஆயிரம் தடவை முடுக்குகிற அடியை எண்ணிப் பார்க்கவே இல்லை. அந்தப் பட்டறையில் அது திறப்பு இல்லை, அது அடி. வேறு எந்தப் பட்டறையில் இருந்தாலும் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

கழுவுதொட்டிக்குப் போனபோது சின்னவள் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைத் தண்ணீரில் காட்டியபடி நின்றிருந்தாள். தோள் குலுங்கிற்று. அளவுக்காரி தொடலாமா என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் நின்றாள்.

"போயிடலாம்டா வீட்டுக்கு" என்றாள். "மூடியும் வேணாம் ஒண்ணும் வேணாம். சோப்பு டப்பாவே அடிக்கட்டும்."

சின்னவள் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டு மட்டும் இல்லை. பாதி சிரிப்பாகவும் இருந்தது.

"முதல்ல உயிரே போயிடுச்சுக்கா. அப்புறம் நாக்குல தெரிஞ்சது. உப்பு. வெறும் உப்பு." வாயைக் கையால் துடைத்தாள். "எவ்வளவு நாளாச்சு தெரியுமா எனக்கு அது விழுந்து? நீங்க எல்லாரும் என்னைக் கண்ணாடிச் சாமானைத் தூக்குற மாதிரி தூக்கிட்டுத் திரியறீங்க. அவரு என்னைப் பார்த்தா பாக்கெட்டைப் பொத்திக்கறாரு. நான் என்ன போலீஸா?"

"அப்ப கோபம் இல்லையா?"

"கோபம் இருக்கு. மூடி பொய் சொல்லுச்சுல்ல. எப்படி உள்ள போனாரு?"

"அடி வழியா."

சின்னவள் குழாயை மூடினாள். "நான் முடுக்குற அடியா?"

"ஆமா."

"அட எருமைங்களா" என்றாள், தன்னையும் சேர்த்துத்தான். "அதை ஒட்டித் தொலைச்சா என்ன?"

முதலாளியம்மாவுக்கு அது லேசில் இறங்கவில்லை. அடியைக் கழற்றிக் கழுவலாம் என்பதுதான் அந்த டம்ளரின் பெருமை என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார். "கை போற அளவு வாய் இருக்கில்ல அதுக்கு. எந்தப் பக்கம் கழுவினா என்ன?" என்றாள் சின்னவள். அவள் முதலாளியம்மாவிடம் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை என்பதாலோ என்னவோ, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சரி என்றார். சாயங்காலம் மூவரும் சூட்டுத் தட்டைக் காயவைத்து அடிகளைக் குழாயோடு இளக்கி ஒட்டினார்கள். சித்தப்பா ஒட்டியதை அளவுக்காரி அளந்தாள். அளந்ததைச் சின்னவள் முறுக்கிப் பார்த்தாள். சித்தப்பா அன்று ஒரு வார்த்தைகூட விளையாட்டாகப் பேசவில்லை. சட்டைப்பை தட்டையாக இருந்தது.

பாட்டுக் கூடத்து அம்மா மறுநாள் ஓட்டப் பந்தயக்காரர் மாதிரி காலணி போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. தான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. என் தொழில் அப்படி" என்றார். மூடியைத் திருகினார், மணிகள் ஓடுவதைப் பார்த்தார், மறுபடி திருகினார். டம்ளரைக் கவிழ்த்து அடியையும் முறுக்கிப் பார்த்தார். அளவுக்காரி சின்னவளைப் பார்த்தாள். நேற்று வந்திருந்தால்?

"பொம்மை நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைத் திறந்தே தீரணும்னு அரிப்பு எடுத்த ஆள் ஒருத்தர் கிட்ட கொடுத்துப் பார்க்கணுமே. அப்படி யாராவது இருக்காங்களா இங்க?"

பட்டறை முழுவதும் ஒரே நேரத்தில் சித்தப்பாவைப் பார்த்தது.

"நான் டம்ளரை வைக்கிறேன்" என்று அளவுக்காரி எழுந்தாள். தீர்மானித்து வைத்திருந்தது அப்படித்தான்.

"நீ உக்காருக்கா. நான் வைக்கிறேன்" என்றாள் சின்னவள்.

அவள் டீயை ஊற்றி, இறுக்கி, படம் எடுத்து, மேசை நடுவில் வைத்தாள். இந்தத் தடவை கை உடனே எடுபட்டது. ஆனால் சித்தப்பா நகரவில்லை.

"இவளோடதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். குரல் அடங்கியிருந்தது. "வேற யாரோடதாவது கொடுங்க."

"வைங்க சித்தப்பா."

"வேணாம்மா. நேத்து பட்டது போதும்."

"நேத்து தெரியாம வச்சீங்க. இன்னிக்குத் தெரிஞ்சே வைங்க. உங்களால ஆனதைப் பாருங்க, நான் கொல்லைப் பக்கம் போயிட்டு வரேன். என்ன, வயசாயிடுச்சா?"

அது அவரைச் சுட்டுவிட்டது. அவள் வேண்டுமென்றே சொன்னதுதான். சின்னவள் மெஷினைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். எல்லோர் கண்ணும் மேசைமேல் இருந்ததால் அவள் போனதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கவிழ்த்தார்; அடியைத் திருகினார்; அது பாறை. பக்கவாட்டில் நகத்தால் சுரண்டினார். மூடியின் விளிம்பில் காதை வைத்துக் கேட்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் மூடியைக் கடுகளவு தளர்த்தினார். மணிகள் சலசலவென்று ஓடின. அவர் அவசரமாக இறுக்கினார். ஓரத்தில் இருந்த மஞ்சள் நடுவுக்கு வந்துவிட்டது. ஆட்டினார், தளர்த்தினார், இறுக்கினார். இப்போது மஞ்சளைக் காணவே காணோம். எங்கேயோ சிவப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பாட்டுக் கூடத்து அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அவ்வளவுதான். கூப்பிடுங்க அவளை" என்றார் சித்தப்பா, நெற்றியைத் துடைத்தபடி.

சின்னவள் வந்தாள். ஃபோனைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள்.

"திறந்திருக்கீங்க."

"நானா? நான் எதுக்குத் திறக்கிறேன்?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். டீ சுழன்று இறங்கிற்று.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, திறந்தேன்தான். ஆனா ஒண்ணும் போடல. சத்தியமா ஒரு கல் உப்புகூடப் போடல. நல்ல டீயைக் கொட்டுறியே."

"போட்டீங்களா இல்லையான்னு நான் குடிச்சுப் பார்க்க வேண்டாம்ல சித்தப்பா" என்றாள் சின்னவள். "அதுக்குத்தானே இது."

பாட்டுக் கூடத்து அம்மா அந்தக் காலி டம்ளரை வாங்கிக் கையில் உருட்டிக்கொண்டே சின்னவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்கவில்லை. முதலாளியம்மா பக்கம் திரும்பி, "மூடியில எங்க கூடத்தோட பேர் போட முடியுமா?" என்றார். முதலாளியம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். அவர் வியாபாரம் பேசுவது கண்ணாடி மூக்கில் இருக்கும்போது மட்டும்தான். "வாங்க, உள்ள போய்ப் பேசுவோம்" என்று அறைக்கு அழைத்துப் போனார். சோப்பு டப்பாவின் கதை அதோடு முடிந்தது.

அளவுக்காரி மேசையருகே உட்கார்ந்தாள். சித்தப்பா தோற்ற மனிதரின் நடையில் மெஷின் பக்கம் போனார். ஆனால் முகத்தில் தோற்ற களை இல்லை. ஏதோ சுமையை இறக்கி வைத்தவர் போலிருந்தார். ஸ்டூலில் ஆறிக்கொண்டிருந்த தம் டீயை எடுத்து, தொண்டை வறட்சிக்கு ஒரு பெரிய வாயாகக் குடித்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கண் மட்டும் மெதுவாகச் சுழன்று, மெஷின், பின்வாசல், கொல்லை என்று ஒரு வழியைத் தேடிப் பிடித்து, கடைசியில் சின்னவளிடம் வந்து நின்றது. சின்னவள் மின்விசிறியை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அவர் விழுங்கினார். பிறகு, பட்டறை பார்த்துக்கொண்டிருக்க, மிச்சத்தையும் நிதானமாக, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. அது எதனால் என்று யாரும் கேட்கவில்லை.

"கை பழகல" என்றார், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு. "ஒரே இடத்துல கொட்டியிருக்கே. கலக்கணும்டி, கலக்கணும்."

"நாளைக்குக் கலக்கறேன்" என்றாள் சின்னவள்.

"நாளைக்கு உன் டம்ளரைப் பத்திரமா பார்த்துக்கோ. சொல்லிட்டேன்."

"எனக்கென்ன, மூடி இருக்கு."

அவர் காலிச் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் நிற்கப் போகிறார் என்பது அந்தத் தட்டலிலேயே தெரிந்தது.

சின்னவள் பேக்கிங் அறைக்குத் திரும்பினாள். கதவருகே நின்று, புதிதாக ஊற்றிய டீயை ஜன்னல் கட்டையில் வைத்தாள். மூடியை இறுக்கி, படம் எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு கையாலும். அளவுக்காரி அதைப் பார்த்துக்கொண்டே, காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காத தன் டீயை நோக்கிக் கை நீட்டினாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது. தன் டம்ளருக்கு அவள் மூடி போடவில்லை. இத்தனை நேரம் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஷின் மறைவில் யாரோ மூச்சை அடக்குவதும், பேக்கிங் அறையில் அட்டைப்பெட்டிச் சத்தம் திடீரென்று நின்றுபோனதும் அவள் காதில் விழுந்தன.